இரண்டு குவியல் துணி

க்வில்ட் தைக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே கேட்டுவிடுவார்கள்: “தாள்ல வரைஞ்சு கலர் அடிச்சுட்டுத்தான் துணியை வெட்டணுமா அக்கா? இல்ல, கைக்கு வந்ததை எடுத்துத் தைச்சுக்கிட்டே போகலாமா?” அளவை முதலிலேயே முடிவு செய்யுங்கள், எந்தத் துணி எங்கே என்பதைக் கடைசிவரை திறந்து வையுங்கள் என்பேன்.

அளவில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் கணக்கு. மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் முழுத்துணி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் ஓட்டுத்தையல், இவ்வளவுதான் க்வில்ட். மேல்துணியில் ஒரு சதுரம் 2 அங்குலமாகத் தெரிய வேண்டுமானால் நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு, இரண்டரை அங்குலமாக வெட்ட வேண்டும். 60-க்கு 90 அங்குலப் போர்வைக்கு அப்படி 1,350 சதுரம் வேண்டும். 44 அங்குல அகலத் துணியில், போர்வையின் பரப்பை மட்டும் பார்த்தால் 3 மீட்டரும் கொஞ்சமும் போதும். தையலுக்கு விடுவதைச் சேர்த்தால் 5 மீட்டரை நெருங்கிவிடும். துண்டு சிறுக்கச் சிறுக்க, மடிப்புக்குள் மறையும் துணி கூடிக்கொண்டே போகும். இதைப் போகப்போகப் பார்த்துக்கொள்ள முடியாது.

துணி விஷயம் வேறு. பெரிய பூப்போட்ட பருத்திச் சேலையை இரண்டரை அங்குலமாக வெட்டினால் ஒரு துண்டில் இதழ் வரும், அடுத்ததில் தண்டு வரும், இன்னொன்றில் வெறும் தரைநிறம்தான் இருக்கும். பழைய சேலை என்றால் வெயில் பட்ட மடிப்பு ஒரு நிறம், உள்மடிப்பு வேறு நிறம். கலர் பென்சிலுக்கு இது எதுவும் தெரியாது. பக்கத்தில் எது உட்காருகிறதோ அதை வைத்தும் நிறம் மாறும். கருநீலத்துக்குப் பக்கத்தில் வெளிர்நிறமாக நிற்கும் மாம்பழ மஞ்சள், சந்தன நிறத்துக்குப் பக்கத்தில் போனால் அடர்நிறமாகிவிடும். தாளில் தீட்டிய படத்தை நம்பி எல்லாத் துணியையும் ஒரே மூச்சில் வெட்டிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனசு பதறும்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்க லாக் கேபினை விட நல்ல வடிவம் எனக்குத் தெரியவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்க வீடுகளில் பரவலானது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் ஒரு சிறு சதுரம், பெரும்பாலும் சிவப்பு. அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள்: அடுத்தடுத்த இரண்டு பக்கம் வெளிர், மற்ற இரண்டு பக்கம் அடர். முன்கூட்டியே வேண்டியது பட்டையின் அகலமும், லைட்டு ஒன்று டார்க்கு ஒன்றாக இரண்டு குவியலும்தான். அந்தந்தக் குவியலில் எந்தத் துணியை எடுப்பது என்பதை முந்தைய பட்டையைப் பார்த்துக் கை முடிவு செய்யும். எந்தக் குவியல் என்று சந்தேகம் வந்தால் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், அல்லது செல்போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். நிறம் போய் வெளிச்சம் மட்டும் மிஞ்சும். கட்டங்கள் எல்லாம் முடிந்த பிறகும் ஒரு பெரிய முடிவு மிச்சமிருக்கும். அவற்றைத் தரையில் பரப்பி ஒவ்வொன்றாகத் திருப்பிவைத்தால் பெரிய வைரவடிவம் வரும், மறுபடி திருப்பினால் சாய்ந்த கோடுகள் ஓடும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பொழுது அதுதான்.

திட்டமே இல்லாமல் தைப்பதற்கு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்களை உதாரணம் காட்டுவார்கள். 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்ட அந்தப் போர்வைகளின் தைரியம் என்னை இன்றும் அசத்துகிறது. ஆனால் திட்டமிடத் தெரியாத கைகள் அல்ல அவை. 1966-இல் அந்த வட்டாரத்தில் தொடங்கிய ஃப்ரீடம் க்வில்டிங் பீ என்ற கூட்டுறவில், வாங்குகிறவர் கேட்ட அளவில், ஒன்றுபோல் ஒன்று தைத்துக் கொடுத்தார்கள். 1972-இல் சியர்ஸ் நிறுவனத்துக்காகக் கார்டுராய் துணியில் தலையணை உறை தைத்தார்கள். அதில் மிஞ்சிய துண்டுகள் வீடுகளுக்குப் போய், நீண்ட பட்டைகளாகப் புதுப் போர்வைகள் ஆயின. கிடைத்த துண்டின் நீளமும் அகலமும் அங்கே எல்லையைப் போட்டுக் கொடுத்தன. அதற்குள் கண் தேர்ந்தெடுத்தது.

இங்கே பக்கத்தில், கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவண்டி போர்வையில் இது இன்னும் துலக்கம். அடியில் பழைய சேலையை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நடுப்பகுதிக்கு வருகிறார்கள். துண்டின் விளிம்பை உள்ளே மடித்துத் தைக்கும்போதே அடித்துணியும் சேர்ந்து பிடிபடுகிறது. மூலைகளில் ‘பூலா’ என்ற மடிப்புப் பூக்கள். போர்வையின் அளவு முதல் தையலுக்கு முன்பே முடிவாகிவிட்டது. அடுத்த துண்டையோ, தைத்து முடித்த துண்டைப் பார்க்காமல் தேர்ந்தெடுக்கவே முடியாது.

துணியில் ஒன்றை மட்டும் நான் திறந்து வைப்பதில்லை. அது ஓரம் கட்டும் துணி. சுற்றிலும் ஒரே துணியாக இருந்தால்தான் எனக்குத் திருப்தி. 60-க்கு 90 போர்வையின் சுற்றளவு 300 அங்குலம். இரண்டரை அங்குல அகலத்தில் எட்டுப் பட்டைகள், அதாவது அரை மீட்டருக்குச் சற்றே கூட. அதை முதலில் வெட்டி, சுருட்டி, பெட்டியின் அடியில் வைத்த பிறகுதான் குவியல்களைப் பிரிக்க உட்காருவேன்.