மங்கின பெயின்ட்

எங்க அப்பா வயலுக்குப் போனார், நான் பட்டறைக்குப் போனேன். கோட்டாற்றில் கார் பெயின்டிங் பட்டறை. பதினாறு வயசு. முதல் ரெண்டு வருசம் ஸ்பிரே கன்னைத் தொட விடவில்லை. தேய்ப்புதான்.

எங்க மாவட்டத்தில் இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. உப்புக்காத்து தகரத்தைத் தின்னும், வெயில் பெயின்டைத் தின்னும். வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் பெயின்டின் பசையை உடைத்துவிடும். பசை போனால் நிறப்பொடி தனியாக நிற்கும். தடவினால் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டும். சிவப்பு சீக்கிரம் வெளுக்கும். ஆனால் செத்தது மேல்தோல்தான். அதை எடுத்துவிட்டால் உள்ளே பழைய நிறம் இருக்கும்.

சாமான் அதிகமில்லை. சோப்புத் தண்ணீர், 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பர், ரப்பிங் காம்பவுண்ட், பனியன் துணி. பேப்பரை நனைத்து, ஒரு முழம் ஒரு முழமாகத் தேய்க்கணும். விளிம்பில் பெயின்ட் மெலிசு, அழுத்தினால் பிரைமர் பல்லைக் காட்டும். வெயிலில் நிறுத்தித் தேய்க்கவே கூடாது. காம்பவுண்ட் காய்ந்து பிடித்துக்கொள்ளும், கோடு விழும். கடைசியில் வாக்ஸ். ஒரு அம்பாசிடருக்கு ரெண்டு நாள். ராத்திரி சோறு பிசைய விரல் மடங்காது.

இப்போ வருகிற கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட். அது உரிந்தால் எத்தனை தேய்த்தும் பிரயோசனமில்லை, உரசி எடுத்துத் திரும்ப அடிக்கணும். அதில் கலக்கிற ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரும். குழாயில் நல்ல காற்று வருகிற முகமூடி வேணும். நான் பார்த்த பட்டறைகளில் மூக்கில் கட்டுவது துவர்த்துதான்.

1994இல் ஒரு வீட்டுக்குத் தேய்க்கப் போனேன். சுற்றிலும் நெல்வயல். அப்பா வேலை செய்த வயல். பலாமர நிழலில் கறுப்பு அம்பாசிடர், சாம்பலாய் வெளுத்துக் கிடந்தது. பெரியவர் திண்ணையில் இருந்தார்.

"எலே, நீ அவனுக்க மவன்லா?"

"ஆமா" என்றேன். அப்பாவாக இருந்தால் கூடவே ஒரு 'ஏமானே' சேர்த்திருப்பார்.

பானெட் பாதி முடிந்தபோது நிழல் நகர்ந்துவிட்டது. வண்டியை உள்ளே தள்ளி நிறுத்தணும். சாவி அதிலேயே இருந்தது. கதவைத் திறந்து ஏறி இருந்தேன்.

"சீட்டில இருக்காதல! எறங்கு. தள்ளிட்டுப் போ."

ரெண்டு மணி நேரமாக அந்த வண்டியைக் கூரை முதல் டிக்கி வரை கழுவித் துடைத்தது என் கை. அதுக்குத் தீட்டில்லை, சீட்டுக்கு உண்டு. நாஞ்சில் நாடு முன்னே திருவிதாங்கூரில் இருந்தது. அதே திருவிதாங்கூரில் 1893இல் வெங்ஙானூர் அய்யன்காளி வில்லுவண்டி வாங்கி, நம்மவர்க்கு விலக்கின பொதுப்பாதையில் ஏறி உட்கார்ந்து போனார். நூறு வருசம் கழிந்து எனக்குக் கிடைத்தது, தள்ளிட்டுப் போ.

ஒரு டன்னுக்கு மேலே கனம். "ஒத்தையாளு தள்ள முடியாது. நீங்களே ஓட்டி நிறுத்துங்க" என்றேன்.

அவருக்கு ஓட்டத் தெரியாது. டிரைவர் வடசேரி சந்தைக்குப் போயிருந்தான். வெயில் பானெட்டில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பாதியில் பலாமரம் தெரிந்தது, மறுபாதி சாம்பல். வாளியையும் துணியையும் எடுத்துக்கொண்டு நடந்தேன். மறுவாரம் டிரைவர் கையில் பாதிக் கூலி வந்தது.