மெனிகேயும் எஞ்சாமியும்

2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி', மே மாதம் யொஹானியும் சதீஷனும் பாடின 'மெனிகே மகே ஹிதே'. பட்டிருப்புப் பாலம் தாண்டி பழுகாமம் வாற ஓட்டோவுக்குள்ள அந்த வருசம் இந்த ரெண்டும்தான். சிங்களத்தில் ஒரு சொல் விளங்காத பெடியன்களும் மெனிகேய ராப்போட சேர்த்துப் பாடினாங்கள். (நானும்தான்.)

மெனிகேட மெட்டு ஒட்டிக்கொள்ளும், ஆடவும் சுகம். ஆனால் எஞ்சாமி வேற. அதை எழுதிப் பாடின அறிவின்ட பாட்டி வள்ளியம்மாள் எங்கட மலையகத் தேயிலைத் தோட்டத்தில் உழைச்சவ. இந்தியா திரும்பினபோது கையில் ஒரு துண்டு நிலம் இல்லை. அந்தக் கதைக்குத்தான் 'செம குத்து' என்று கலியாண வீட்டில் துள்ளினோம். துள்ளினது பிழையில்லை, ஒப்பாரிக்கும் தாளம் இருக்குத்தானே.

என்ட ஓட்டு எஞ்சாமிக்கு. மச்சாள் மட்டும் இன்னும் மெனிகே கட்சி.