நான்கு ரொட்டி

ஜூன் பள்ளி விடுமுறையில் எங்கள் திருச்சபையின் இளையர்கள் எட்டுப் பேரை அழைத்துக்கொண்டு இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஒன்பது நாள் பயணம். சபை வட்டாரத்தில் இதை 'மிஷன் டிரிப்' என்போம். வானொலியில் என்னோடு வேலை செய்யும் அண்ணன் ஒருவர், "என்னம்மா, மதம் மாத்தப் போறீங்களா?" என்று கேட்டார். கிண்டல் பாதி, சந்தேகம் பாதி.

நியாயமான கேள்விதான். அங்குள்ள ஒரு சிறிய தமிழ்ச் சபை கூப்பிட்டுத்தான் போகிறோம் என்றேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பிற்பகலில் ஆங்கில வகுப்பு, பிள்ளை மடுவத்துக்கு வர்ணம் பூசுவது, ஞாயிறன்று அவர்களுடைய ஆராதனையில் பாடுவது, அழைக்கிற வீடுகளுக்குப் போய் வருவது என்று பட்டியலும் சொன்னேன். "இதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம்? தேக்காவிலயே செய்யலாமே" என்றார். அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. இன்னமும் இல்லை.

இப்படிப்பட்ட பயணத்தில் போகிற ஊருக்கு நாங்கள் என்ன செய்கிறோம் என்பதைவிட, கூட்டிப்போகும் பிள்ளைகள் எப்படித் திரும்பி வருகிறார்கள் என்பதுதான் என் பொறுப்பு. சீடத்துவம் என்று சபையில் சொல்வார்கள். கூடவே இருந்து, செய்து காட்டி, தவறும்போது திருத்தி வளர்ப்பது. பதினேழிலிருந்து இருபத்து நான்கு வயது வரை உள்ள எட்டுப் பேர். யார் பாத்திரம் கழுவுவது, யார் யாரோடு அறையில் தங்குவது என்பதில் தொடங்கி, "அக்கா, எனக்கு ஜெபம் பண்ணவே வரல" என்று நடுராத்திரி அழுகிறவள் வரை எல்லாம் தலைவரிடம்தான் வரும்.

மூன்று மாதம் சனிக்கிழமைதோறும் பயிற்சி. முதல் சனிக்கிழமை யாரையும் வகுப்பில் உட்காரவைக்கவில்லை. ஷார்ட் ஸ்திரீட்டுக்கு நடத்திக் கூட்டிப்போனேன். லிட்டில் இந்தியாவிலிருந்து பத்து நிமிட நடைதான். 1887 ஜூலையில் சோஃபியா பிளாக்மோர் என்ற ஆஸ்திரேலியப் பெண் மிஷனெரி சிங்கப்பூரில் வந்திறங்கினார். ஒரு மாதத்துக்குள், ஆகஸ்ட் 15ஆம் தேதி, இந்தத் தெருவின் கடைவீடு ஒன்றில் ஒன்பது இந்தியச் சிறுமிகளோடு பள்ளி தொடங்கினார். தமிழ்ப் பெண்கள் பள்ளி என்றுதான் அதற்குப் பெயர். இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி அங்கிருந்து வந்ததுதான். எங்கள் மகள்களுக்குப் பள்ளி வேண்டும் என்று கேட்டவர்கள் இங்கிருந்த தமிழ் வணிகர்கள். வந்தவரும் கேட்டதைக் கொடுத்தார், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இங்கேயே பணியாற்றினார். "நாம ஒன்பது நாள்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தோம்.

இன்னொரு சனிக்கிழமை அசரியாவைப் பற்றிப் பேசினேன். திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் தமிழகக் கரைக்கு ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்து வெட்கப்பட்டுப் போனார். திரும்பி வந்து மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கிவைத்தவர்களில் முதன்மையானவர் அவர். ஆளும் பணமும் நிர்வாகமும் நம்முடையதாகவே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பிறகு அவரே தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு ஊழியராகப் போனார். 1912இல் அங்கேயே பேராயர் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். அதற்கு முன், 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் மேல்நாட்டாரைப் பார்த்து, நீங்கள் நிறையக் கொடுத்துவிட்டீர்கள், எங்களுக்கு வேண்டியது உங்கள் நட்பு என்கிற பொருளில் பேசினார். சபையில் பலருக்கு முகம் சுருங்கிப்போனதாம்.

இதையெல்லாம் ஸ்லைடு போட்டுப் பாடம் நடத்தியவள் நான். பின்னால் வருவதைப் படிக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

தோட்டத்தில் மழை விடவே இல்லை. கட்டுநாயக்காவிலிருந்து வேனில் ஏறி மலைக்கு வந்து சேர்வதற்குள் மூன்று பேர் வாந்தி எடுத்திருந்தார்கள். அங்கே ஜூனில் பள்ளி விடுமுறை இல்லை, அதனால் பிள்ளைகள் பள்ளிவிட்டுச் சீருடையோடு அப்படியே வகுப்புக்கு வந்தார்கள். எங்கள் இளையர்களின் தமிழ், வாய்மொழித் தேர்வுத் தமிழ். 'நீங்கள் நலமாக இருக்கிறீர்களா' என்று கேட்டால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னைப் பார்த்து ஒரு பொடியன், "டீச்சர், நீங்க ரேடியோ மாதிரி பேசுறீங்க" என்றான். என் வேலை என்னவென்று அவனுக்குத் தெரியாது.

நான்காம் நாள் ஒரு வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். லயத்தில் கடைசி அறை. அம்மா கொழுந்து பறிக்கிறவர், மகள் உயர்தரம் படிக்கிறாள். கூரைத் தகரம் ஒழுகி, ஒரு மூலையில் வாளி வைத்திருந்தார்கள். தேங்காய் போட்ட ரொட்டி, கட்டச் சம்பல், பிளேன்டீ. அடுப்படியில் நின்றுகொண்டே அந்த அம்மா சுடச்சுடப் போட்டுக்கொண்டிருந்தார். நான் கிளம்புமுன் அந்த வாளி இருந்த மூலையை, பக்கத்தில் மகள் சிரிக்கிற முகத்தோடு சேர்த்து, படம் எடுத்துக்கொண்டேன். நல்ல வெளிச்சம். ஊடகக் கல்வி படித்தவளுக்குக் கை சும்மா இருக்காது.

வேனில் உட்கார்ந்தபடியே சபையின் இன்ஸ்டகிராம் பக்கத்தில் போட்டேன். 'ஒன்றுமே இல்லாத வீடு. ஆனாலும் எத்தனை மகிழ்ச்சி!' என்று எழுதினேன். பக்கத்தில் இருந்த தம்பி, அண்மையில்தான் தேசிய சேவையை முடித்தவன், அதிகம் பேசாதவன், எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, அவங்ககிட்ட கேட்டோமா?" என்றான். "இங்க லீடர் யாரு தம்பி?" என்றேன். வேனே சிரித்தது. அவனும் சிரித்தான்.

ஆறாம் நாள் இரவு அந்தப் பெண்ணிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. எங்கள் பிள்ளைகளோடு அவள் இன்ஸ்டகிராமில் நட்பாகியிருந்தாள். அது எனக்குத் தோன்றவே இல்லை. மலைக்காட்டில் இருக்கிறவர்கள் நம் பக்கத்தை எங்கே பார்க்கப்போகிறார்கள் என்று உள்ளுக்குள் நினைத்திருக்கிறேன் போலும். அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "எங்க வீட்ல ஒன்னுமே இல்லனு போட்டிருக்கீங்க. அன்னைக்கு நாலு ரொட்டி சாப்டீங்களே அக்கா."

படத்தை நீக்கினேன். மன்னிப்புக் கேட்டு ஒரு வரி அனுப்பினேன். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன, பதில் இல்லை. இத்தோடு முடிந்துவிடட்டும், பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தலைவரின் மரியாதை என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தேன். விடியும்வரை தூக்கம் வரவில்லை. காலையில் முதலில் அந்தத் தம்பியிடம் சொன்னேன். 'அன்றே சொன்னேனே' என்பான் என்று காத்திருந்தேன். அவன், "அவங்க வீட்டுக்கு எப்பக்கா போறோம்?" என்று மட்டும் கேட்டான். காலை ஜெப வேளையில் மற்ற ஏழு பேரிடமும் சொன்னேன். வானொலியில் எத்தனையோ ஆயிரம் பேருக்கு முன்னால் பேசுகிறவளுக்கு அந்த ஏழு பேர் முன்னால் குரல் எழும்பவில்லை.

மாலையில் அந்த அம்மா கொழுந்தை நிறுத்துவிட்டு வரும்வரை லயத்து வாசலில் நின்றோம். பேச வேண்டியதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். நான் ஆரம்பிக்கும்போதே அவர் கையமர்த்திவிட்டார். "படம் எடுத்ததுக்கு ஒன்னுமில்லம்மா. அந்த மூலையத்தான் எடுக்கணுமா? இந்தப் பக்கம் மகளோட சர்டிபிகேட் எல்லாம் மாட்டியிருக்கே." திரும்பிப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறை போட்டு ஐந்தாறு சான்றிதழ்கள். அந்தச் சுவருக்கு எதிரில் உட்கார்ந்துதான் நான்கு ரொட்டி சாப்பிட்டிருக்கிறேன்.

மகள் உள்ளேயே இருந்தாள். பிளேன்டீ மட்டும் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

அதற்குள் இன்னொன்று நடந்திருந்தது. படத்தைப் பார்த்து மனமிரங்கிய சபை அன்பர் ஒருவர், கூரை போட 2,000 வெள்ளி தருவதாகச் சொல்லியிருந்தார். அதையும் சொன்னேன். அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "லயம் தோட்டத்துக்குச் சொந்தம். கூரை போடவேண்டியது அவங்க. சங்கத்துல கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். நீங்க போட்டுட்டா அப்புறம் எந்த லயத்துக்கும் போடமாட்டாங்க" என்றார். 1823 முதல் அந்த மலைகளில் தமிழர்கள் உழைக்கிறார்கள். 1948இல் அவர்களில் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமை ஒரே சட்டத்தில் போனது. ஒரு நாள் சம்பளம் ஆயிரம் ரூபாயாக 2021 வரை ஆனது. கொடுக்கிற கைக்கும் கொடுக்கவேண்டிய கைக்கும் உள்ள வித்தியாசம் அந்த அம்மாவுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது.

சிங்கப்பூர் திரும்பி அந்த அன்பரிடம் சொன்னபோது அவருக்கு வருத்தம். "குடுக்கிறதையும் வேணாம்பாங்களா?" என்றார். பணத்தைத் திரும்ப வாங்கவும் மனமில்லை. அது இன்னும் பொருளாளர் கணக்கில் கிடக்கிறது. நன்றி ஆராதனையில் ஸ்லைடு காட்டுவதற்குப் பதிலாக நடந்ததைச் சொன்னேன். மூத்தவர் ஒருவர் தனியாக அழைத்து, இதையெல்லாம் சபை முன் சொன்னால் அடுத்த முறை பிள்ளைகள் உன் பேச்சைக் கேட்பார்களா என்றார். கேட்காமலும் போகலாம். அந்தத் தம்பி வேனில் வாய் திறந்தது போல இன்னும் நான்கு பேர் திறந்தால் எனக்குச் சம்மதம்தான்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் எழுதினாள். உயர்தரப் பரீட்சை வருகிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று. வேறெதுவும் இல்லை. பிறகு இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். இரண்டு நாள் ஆயிற்று பதில் வர.

"தோட்டத்துப் பேர், எங்க பேர் போடாதீங்க. ரொட்டி நாலுனு சரியா போடுங்க."