புது வால்வு, பழைய கோணல்

ஞாயிறு, பிரிக்பீல்ட்ஸ்

புகை மறுபடி வந்துவிட்டது. பங்சார் மேட்டிலிருந்து திராட்டலை மூடியபடி இறங்கி, கீழே விளக்கு பச்சையானதும் முறுக்கினால், பின்னால் நிற்பவர் முகத்தில் ஒரு கொத்து நீலப் புகை. ஓட ஓட ஒன்றுமில்லை. பிஸ்டன் ரிங் போயிருந்தால் மேடு ஏறும்போதும் புகைந்துகொண்டே இருக்கும். இறங்கி முறுக்கும்போது மட்டும் என்றால் வால்வு கைடு மேல்தான் சந்தேகம். திராட்டலை மூடும்போது இன்டேக் வழியில் வெற்றிடம் கூடும். கைடு தளர்ந்திருந்தால் அந்த இழுப்பிலேயே எஞ்சின் ஆயில் உள்ளே போய்விடும்.

வண்டி ஹோண்டா சி70. 72 சிசி, ஒரே சிலிண்டர். 1958-இல் ஜப்பானில் வெளிவந்த சூப்பர் கப் வம்சம். அந்த வம்சம் 2017-இல் பத்துக் கோடி வண்டிகளைத் தொட்டது. ஹோண்டாவை மலேசியாவில் பரப்பியவர் பினாங்கு வியாபாரி லோ பூன் சியூ. நம்மவர்களுக்குக் கப்சாய் என்று சொன்னால் போதும். தோட்டத்து ஆட்களும் பாசார் மாலாம் வியாபாரிகளும் ஓட்டித் தேய்த்த வண்டி இன்றைக்கு ‘கிளாசிக்’ ஆகி, விலை கேட்டால் வாயடைத்துப் போகிறது.

ஹெட் வேலை பார்த்து அதிக நாளாகவில்லை. புது வால்வு, புது கைடு, புது சீல் எல்லாம் போட்டதாக ரசீது சொல்கிறது. பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம்.

செவ்வாய் இரவு

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு டேப்பட் இடைவெளி பார்த்தேன். இந்த வண்டியில் சிலிண்டர் முன்பக்கமாகப் படுத்திருக்கும். அதனால் இன்டேக் மூடி மேலே, எக்ஸாஸ்ட் மூடி அடியில். அடி மூடியைத் திறப்பவன் கையில் ஆயில் வழியாமல் தப்ப முடியாது. ஃப்ளைவீல் குறியை நேராக வைத்து 0.05 மி.மீ. ஃபீலர் தகட்டை நுழைத்தேன். இன்டேக்கில் போனது. எக்ஸாஸ்டில் முனைகூட நுழையவில்லை.

இடைவெளி கூடியிருந்தால் ராக்கர், கேம், வால்வு நுனி இவற்றில் ஏதோ தேய்கிறது என்று பொருள். அது டக் டக் என்று சத்தம் போட்டுத் தானே காட்டிக்கொடுக்கும். குறைந்திருந்தால் வால்வு தன் சீட்டைத் தின்று உள்ளே இறங்குகிறது. இதில் சத்தம் வராது. வண்டி அமைதியாகிவிட்டதென்று சந்தோஷப்படுகிற ஆட்களை எனக்குத் தெரியும். எக்ஸாஸ்ட் வால்வு வாங்குகிற சூட்டில் முக்கால் பங்கு, அது மூடியிருக்கும் நேரத்தில் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குப் போகிறது. முழுதாக மூடாத வால்வுக்கு அந்த வழி அடைபடும். பிறகு கருகுவதுதான் பாக்கி.

வியாழன், ஜாலான் துன் சம்பந்தன்

தே தாரே குடிக்கப் போன இடத்தில் எல்லாரும் மெக்கானிக். “இப்ப எண்ணெயில ஈயம் இல்ல லா, அதான் வால்வு திங்குது” என்றார் ஒருவர். பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத்தான் சொல்வார்கள்.

ஈயக் கதை பொய்யல்ல. 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி, எஞ்சின் தட்டாமல் இருக்கப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கலாம் என்று கண்டுபிடித்தார். எரிந்த ஈயம் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே மெல்லிய படலமாகப் படிந்து, உலோகம் உலோகத்தோடு ஒட்டிக் கிழியாமல் காத்தது கூடுதல் லாபம். அந்த நஞ்சை உலகம் முழுதும் நிறுத்த நூறு வருஷம் பிடித்தது. கடைசி நாடு அல்ஜீரியா, 2021-இல். ஆனால் ஈயம் போனதால் அடி வாங்கியவை பெரும்பாலும் வார்ப்பிரும்பிலேயே சீட் வெட்டிய பழைய ஹெட்டுகள். சி70-க்கு அலுமினிய ஹெட். அதில் கடினமான சீட் வளையம் தனியாகப் பதித்திருக்கிறது. இத்தனை வருஷம் ஈயமில்லாத எண்ணெயில் ஓடிய வண்டி, ஹெட் வேலை முடிந்த கையோடு ஈயத்துக்கு ஏங்குமா? வேலைக்கு முன்னால் இல்லாத கோளாறு பின்னால் வந்தால், வேலையில்தான் தேட வேண்டும்.

சனி, கிள்ளான்

ஹெட்டைக் கழற்றி, பழைய துண்டில் சுற்றி, தோள்பையில் போட்டுக்கொண்டு கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினேன். கப்சாய் ஹெட்டுக்கு இது ஒரு வசதி.

தெங்கு கிளானா சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு லேத் பட்டறை. வைத்திருக்கும் அண்ணன் செந்தூல் ரயில்வே பட்டறையில் தொழில் கற்றவர். அங்கே எத்தனையோ தமிழர்கள் ஃபிட்டர் வேலை பார்த்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் அவர்கள் குடும்பங்களால் நிறைந்திருந்த காலம் அது. அந்தப் பள்ளியில் வந்தவர்கள் எதையும் கண்ணால் முடிவு செய்வதில்லை. முதலில் மைக்ரோமீட்டரைத்தான் எடுப்பார்கள்.

வால்வுகளைக் கழற்றி எக்ஸாஸ்டை விளக்கடியில் உருட்டினார். “தம்பி, இத பாரு.” வால்வு முகத்தில் சீட் பட்ட வளையம் ஒரு பக்கம் தடித்தும் எதிர்ப்பக்கம் நூல்போலவும் இருந்தது. தண்டில் இரண்டு இடம் மட்டும் பளபளத்தது. தலைக்குக் கிட்டே ஒரு பக்கம், நுனிக்குக் கிட்டே நேர் எதிர்ப்பக்கம். அதாவது வால்வு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங் அதை ஒவ்வொரு முறையும் சீட்டின் நடுவுக்கு இழுக்க, தண்டு கைடை ஒரே இடத்தில் அறுக்கிறது. நிமிடத்துக்கு 9,000 சுற்றில் ஒரு வால்வு நொடிக்கு 75 தடவை திறந்து மூடும். பெடரல் நெடுஞ்சாலையின் மோட்டார் தடத்தில் நானும் அரைகுறையாக ஓட்டுகிறவனல்ல.

“கைடு மாத்தினா சீட்ட வெட்டணும்ல அண்ணே?”

“வெட்டணும். அவன் பேஸ்ட் போட்டுத் தேச்சி விட்டிருக்கான்.”

விஷயம் இவ்வளவுதான். பழைய கைடைத் தட்டி எடுத்துப் புதியதை அடிக்கும்போது அதன் மையம் மயிரிழையாவது நகரும். கண்ணுக்குத் தெரியாது. அதனால் புது கைடுக்குள் பைலட் தண்டை நுழைத்து, அதையே அச்சாக வைத்துச் சீட்டை மறுபடி வெட்ட வேண்டும். 45 டிகிரியில் முகம், அதன் மேலும் கீழும் வேறு கோணத்தில் சீவி, முகத்தின் அகலத்தை ஒரு மி.மீ. அளவில் நிறுத்த வேண்டும். லேப்பிங் என்று பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கோணல் போகாது, மறையும். சீட் அகலமாகும். பெட்ரோல் ஊற்றிப் பார்த்தால் ஒழுகாது. வாடிக்கையாளர் கண்ணுக்கு எல்லாம் சரி.

அத்தோடு நிற்கவில்லை. தேய்த்துத் தேய்த்து வால்வு இறங்கினால் அதன் நுனி அந்தப் பக்கம் உயரும். ராக்கர் அதை நேராக அழுத்தாமல் சாய்த்துத் தள்ளும். கைடுக்கு இரண்டாவது அடி. கழுவாமல் விட்ட பேஸ்ட் மூன்றாவது. இந்த எஞ்சினில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. ஒரு வலையும் சுழன்று அழுக்கு பிரிக்கும் கிண்ணமும்தான். பேஸ்டில் இருக்கும் அந்தப் பொடி மணல் எங்கெங்கே சுற்றியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

அண்ணன் ஒரு காந்தத்தையும் எடுத்து எக்ஸாஸ்ட் வால்வின் தலையில் வைத்தார். டக்கென்று ஒட்டியது. சூடு தாங்கும் எக்ஸாஸ்ட் எஃகில் காந்தம் பொதுவாக ஒட்டாது. இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றார், ஆனால் முகம் தீர்ப்பைச் சொல்லிவிட்டது.

புதன், பிரிக்பீல்ட்ஸ்

ஹெட் திரும்பி வந்தது. வேறு கைடு, ரீமர் ஓட்டி அளந்தது. எக்ஸாஸ்ட் கைடுக்கும் தண்டுக்கும் நடுவே இன்டேக்கைவிடக் கொஞ்சம் கூடுதல் இடைவெளி, சூட்டில் தண்டு பருப்பதால். சீட் வெட்டி, நீல மை தடவிப் பார்த்தபோது வளையம் சுற்றிலும் ஒரே அகலம். கூலி நியாயம். முன்னால் கொடுத்த ரசீதில் பாதிகூட இல்லை.

ஆயிலைக் கொதிக்கக் கொதிக்க வடித்து, வலையைக் கழுவி, புது ஆயில் ஊற்றியாயிற்று. டேப்பட்டைச் சீக்கிரமே மறுபடி பார்ப்பேன். நகராமல் இருந்தால்தான் வேலை சரி.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு: ஹெட்டைக் கொடுக்கும்போது “கைடு மாற்றிய பிறகு சீட்டை வெட்டுவீர்களா” என்று கேளுங்கள். “லேப்பிங் போதும்” என்று பதில் வந்தால் ஹெட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய வால்வுகளையும் விடாமல் கேட்டு வாங்கி வாருங்கள்.