கொள்ளிடத்தில் ஒரு நீச்சல்

அரியலூருக்குக் கடல் இல்லை. பல கோடி ஆண்டுகளுக்குமுன் இருந்தது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கிடைக்கும் அம்மோனைட்டுப் புதைபடிவங்கள் அதற்குச் சான்று. ஆகவே, நாயுடன் நீராட விரும்பும் எனக்குத் திருமானூரையொட்டிய கொள்ளிடமே கடற்கரை.

கோடையில் மணல் அகன்று, நீர் ஒருபுறமாய் ஒதுங்கி ஓடும். கழுத்துவாரை அவிழ்த்ததும் என் சிப்பிப்பாறை நாய் ஓடும் ஓட்டம் காணத்தக்கது. முயலை விரட்டிப் பழகிய இனமாயிற்றே! நீரைக் கண்டால் மட்டும் தயங்கும். நான் இறங்கினால்தான் இறங்கும். நீந்துகையில் தலை மட்டுமே மேலே தெரியும். முக்கொம்பில் உபரிநீர் திறக்கப்படும் நாள்களில் நாங்கள் அப்பக்கமே செல்வதில்லை. முதலைகள் வாழும் அணைக்கரைப் பகுதிக்கும் செல்வதில்லை.

கரைவெட்டி ஏரியிலும் நீருண்டு. ஆயினும், இமயம் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் பனிக்காலத்தில் அங்கே தங்குகின்றன. 2024ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட ஏரி அது. கரையில் ஒரு நாய் பாய்ந்தால் பறவைக் கூட்டமே அஞ்சி எழும். நெடுந்தொலைவு பறந்து களைத்தவற்றுக்கு அது வீண் உழைப்பு. தை மாதத்தில் அவ்வழியே வரும்போது வாரைக் கையில் இருமுறை சுற்றிக்கொள்வேன். நாய் என்னை நிமிர்ந்து பார்க்கும். அதற்கு எப்படி விளக்குவது?