முதுகுன்றத்தினின்று கல்வராயன் அடிவாரம் வரை

எம் ஊர்ப்பெயரில் மலை உண்டு. ஊரில் மலை இல்லை. முதுகுன்றம், பழமலை, விருத்தாசலம் என வழங்கும் மூன்று பெயர்களும் ஒரே பொருளன. ‘விருத்தம்’ முதுமை, ‘அசலம்’ அசையாதது, அஃதாவது மலை. தேவாரம் பாடிய காலத்தில் முதுகுன்றம் என்று இனிது வழங்கிய பெயரை வடமொழியிற் பெயர்த்தவர், பெயர்ப்பையே நிலைநிறுத்தி மூலத்தைக் கோயிற் சுவருக்குள் அடைத்துவிட்டனர். மற்றை மலைகள் தோன்றுமுன் தோன்றிய மலை இஃது என்பது தலபுராணக் கொள்கை. அதைப்பற்றி வாதிட யாம் முன்வரவில்லை. மணிமுத்தாற்றங்கரையில் வளர்ந்த பிள்ளைகளாகிய எமக்கு, ‘மலை எங்கே?’ என்னும் கேள்வி அரிச்சுவடியோடு உடன்வந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம்.

பிறவூரார் எம் ஊரைப் பீங்கானால் அறிவர். களிமண்ணைக் கரைத்து அச்சில் வார்த்து, உலர்த்திப் பூச்சிட்டுச் சூளையில் வேகவைத்துப் பொம்மையும் கிண்ணமும் மின்சாரக் கருவிகளுக்கு வேண்டும் பீங்கான் உறுப்புக்களுமாக வெளியேற்றும் சிறு தொழிற்சாலைகள் இங்கே பல. அத்தொழிலைக் கற்பிக்க அரசினர் நிறுவனம் ஒன்றும் உண்டு. எம் தமையனார் அத்தகைய சூளையொன்றில் பணியாற்றியவர். வைகறையில் மிதிவண்டியேறிச் சென்று இரவில் மீள்வார். 2022ஆம் ஆண்டில் ஒருநாள், பெருஞ்சாலையில் பின்னே வந்த லாரியொன்று அவரை வீழ்த்திவிட்டு நில்லாது போயிற்று. அவ்வாண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர், காயமுற்றோர் 4,43,366 பேர், விபத்துக்களின் தொகையில் தமிழ்நாடே முதலிடம் பெற்றது, தொகை 64,105. இவையெல்லாம் ஒன்றிய அரசின் அறிக்கையிற் கண்ட எண்கள். காயமுற்ற அத்தனை பேருள் ஒருவர் எம் தமையனார். இடமுழங்கால் மடங்காது. இப்பொழுது அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறார். நாளொன்றுக்கு இருநூறு கண்கள் வரை எழுதுவார். அவருடைய மிதிவண்டி, செப்பம் செய்யப்பெற்று, தாழ்வாரத்தில் சாய்ந்து நின்றது. அதைத் தொடுவதற்கு எம் அன்னையார் எமக்கு இசைவளித்ததில்லை.

“லாரி ஓடாத சாலை ஒன்று காட்டு, அங்கே ஆசை தீர ஓட்டு,” என்பது அவர் வாக்கு. மறுப்பதற்காகவே சொன்ன சொல்தான். ஆயினும் எம் நண்பர் இருவரும் யாமும் அதனைச் சட்டநூல் போல் பிடித்துக்கொண்டு, அத்தகைய சாலையைத் தேடத் தலைப்பட்டோம்.

முதலில் நினைவிற்கு வந்தது திட்டக்குடிக்கு அருகிலுள்ள வெலிங்டன் ஏரி. 1913இல் தொடங்கி 1923இல் முடிந்த நீர்த்தேக்கம் அது. 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண ஆளுநராயிருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயரை அதற்கு இட்டனர். மக்கள் நாவிலோ வில்லிங்டன் வெலிங்டன் ஆகிவிட்டார். நெப்போலியனை முறியடித்த தளபதிக்கும் திட்டக்குடி நெல்வயலுக்கும் உறவு கற்பித்த இத்திரிபைக் கண்டு எம் வகுப்பினர் நகைத்ததுண்டு. விருத்தாசலத்தார் பிறர் ஊர்ப்பெயரை நகைப்பது தகுமோ என்று எம் ஆசிரியர் அன்றே வாயடைத்துவிட்டார். ஏரிக்கரை நீண்டது, அமைதியானது. ஆனால் அங்கே செல்லும் பெண்ணாடத்துச் சாலையோ எம் அன்னையார் அஞ்சும் சாலைகளுள் ஒன்று. மலையும் அங்கே அண்மையில் இல்லை.

சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்று சைவ நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆற்றில் இட்டுக் குளத்தில் தேடுவது என்னும் வழக்கிற்கும் அக்கதையையே காட்டுவர். யாம் தேடும் மலையை ஆற்றிலேயே தேடினாலென்ன? படத்தை விரித்து எம் ஆற்றை மேல்நோக்கி விரலால் தொடர்ந்தோம். விரல் கல்வராயன் மலையில் போய் நின்றது. வழியில் இரண்டு நீலப் புள்ளிகள். ஒன்று 1965இல் அமைந்த கோமுகி அணை. மற்றொன்று சூளாங்குறிச்சியில் 1970இல் அமைந்த மணிமுத்தாற்று அணை. பாட்டனார் காலத்தில் இவையாவும் தென்னார்க்காட்டு மாவட்டம். 1993இல் அது பிரிந்தது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. ஆற்றின் தலை ஒரு மாவட்டத்திலும் உடல் ஒரு மாவட்டத்திலும் ஆனதால் போலும், எம் ஊரில் பலர் தாம் குளிக்கும் நீர் எம்மலையினது என்று அறியார்.

இங்கிலாந்தில் டார்பிஷயர்ப் பகுதியிலே டெர்வென்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஹௌடன், டெர்வென்ட், லேடிபவர் என மூன்று நீர்த்தேக்கங்கள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. கடைசியதன் அடியில் இரண்டு சிற்றூர்கள் மூழ்கிப்போயின. மேலேயுள்ள நீர்க்கரைச் சாலையை வார இறுதி நாட்களிலும் விடுமுறை நாட்களிலும் மோட்டார் வண்டிகளுக்கு அடைத்துவிட்டு, நடப்போர்க்கும் மிதிவண்டியோர்க்கும் விட்டுவிடுகின்றனராம். இதை அன்னையாரிடம் படித்துக் காட்டினோம். “அது சீமை,” என்றார்.

வழியைத் திறந்தவர் நண்பரொருவரின் மாமா. அவர் பீங்கான் பண்டங்களை வைக்கோலில் பொதிந்து ‘குட்டியானை’ என்னும் சிறு சரக்கு வண்டியில் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டு செல்பவர். பெருஞ்சாலை முழுவதும் வண்டியில் செல்வது. லாரி ஒழிந்த இடத்தில் மிதிவண்டிகளை இறக்கிக்கொள்வது. இவ்வேற்பாட்டில் குற்றம் காண அன்னையார்க்கு வழியில்லை. அப்பொழுது திண்ணையிலிருந்து தமையனார், “நானும் வருகிறேன், மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்,” என்றார். அன்னையார் ஒன்றும் கூறாது உள்ளே சென்று, நால்வர்க்குமாகப் புளிச்சோறு கட்டத் தொடங்கினார்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒருநாள் விடியுமுன் புறப்பட்டோம். கள்ளக்குறிச்சியில் பண்டம் இறங்கியது. கச்சிராயபாளையத்துச் சர்க்கரை ஆலையைக் கடக்கும் வரை கரும்பு டிராக்டர்கள் எதிர்ப்பட்டுக்கொண்டே இருந்தன. கடந்த பின்னரே மாமா வண்டியை நிறுத்தினார். மூன்று மிதிவண்டிகள் வைக்கோல் துணுக்குகளோடு தரையிறங்கின. ஒன்று பள்ளியில் அரசு அளித்த விலையில்லா வண்டி, ஒன்று இரவல், ஒன்று தமையனாருடையது.

கோமுகி அணையின் முழு ஆழம் 46 அடி. அன்று நீர் ஏறக்குறைய விளிம்பளவும் நின்றது. நீருக்கு அப்பால் மலை. படத்திலே பசுமையாய்க் கண்ட மலை காலைப் பனியில் சாம்பல் நிறமாய், ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நான்கு மடிப்புக்களாய் எழுந்தது. யாம் பேசவில்லை. சக்கரம் உருளும் ஓசையும் நீர்க்காகம் சிறகடிக்கும் ஓசையும் தவிரப் பிறிதொன்றும் கேளாத சாலை எப்படியிருக்கும் என்பதைச் சொற்களால் உணர்த்த இயலுமோ அறியோம். எம் ஊரில் யாம் வண்டி ஓட்டியபோதெல்லாம் காதுதான் ஓட்டியது; பின்னே வருவது பேருந்தோ லாரியோ என்று அது ஓயாது கணக்கிட்டுக்கொண்டிருக்கும். இங்கே அக்கணக்கு நின்றது. நின்ற பிறகே அஃது எத்தனை பெரிய சுமை என்பது விளங்கிற்று. கண்ணுக்கு ஓய்வு கிடைத்ததும் அது மரவள்ளிக் கொல்லையையும் மடையில் மீன் பிடிக்கும் சிறுவரையும் நின்று நிதானமாய்ப் பார்த்தது.

வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் சிறிது தொலைவு சென்றோம். பல்லிணைச் சக்கரம் இல்லாத எம் வண்டிகள் இரண்டாம் வளைவிலேயே மூச்சு வாங்கின, இறங்கித் தள்ளினோம். தலையில் சுமையோடு இறங்கிவந்த மலையாளிப் பழங்குடி மூதாட்டி ஒருவர், “ஏறுகிற வண்டி என்றார்களே, நீங்கள் அல்லவோ அதை ஏற்றுகிறீர்கள்!” என்று சொல்லிப் போனார். இம்மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்து, நாடு விடுதலை பெற்றுப் பல்லாண்டு கழித்து 1976இல்தான் அரசின் நேர் ஆளுகைக்கு வந்ததென்பர். சாலையும் பேருந்தும் அவர்களுக்கு எத்துணை அரிதாய்க் கிடைத்தவை என்பதை எண்ணுங்கால், வண்டியில்லாச் சாலையை யாம் வியந்து போற்றுவது சற்றே கூச்சமளித்தது. நோயாளியைச் சுமந்து இறங்குவோர்க்குச் சாலையின் அமைதி இன்பமன்று.

உண்டபின், திரும்பும் வழியில் சற்றே விலகிச் சூளாங்குறிச்சி சென்றோம். மணிமுத்தாற்று அணையின் கரை சமமானது, நேரானது. அன்று ஆளரவமே இல்லை. ஒருபுறம் நீர், மறுபுறம் சம்பாப் பயிர். இந்நீர் எம் ஊர்க் கோயிற் படித்துறையைத் தொட்டுக்கொண்டு போய்க் கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலப்பது.

தமையனார் வண்டியினின்று மெல்ல இறங்கிக் கரைமேல் ஏறினார். இரு முனையையும் நெடுநேரம் நோக்கினார். பிறகு எம் கையிலிருந்த வண்டியின் கைப்பிடியைப் பற்றி, “பிடித்துக்கொள்,” என்றார். யாம் பின்னிருக்கையைப் பிடித்தோம். நண்பர்கள் இருபுறமும் நின்றனர். இடக்கால் நேரே நீண்டு தொங்க, வலக்காலால் மட்டும் மிதித்தார். பத்தடி சென்றதும், “விடு,” என்றார். விட்டோம். வண்டி ஒருமுறை நீர்ப்பக்கம் சாய்ந்தது, மாமா, “தம்பி!” என்று கூவினார், மறுகணம் நிமிர்ந்தது. வலமிதி கீழே போகும்போது வேகம், மேலே வரும்போது தயக்கம், இப்படியே விட்டுவிட்டு ஓடி, மதகு வரை சென்று, அங்கே சுவரைப் பற்றித் திரும்பி மீண்டு வந்தார். ஒருமுறையும் பின்னே திரும்பிப் பார்க்கவில்லை.

இறங்கியதும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “முன் பிரேக்கின் கட்டை தேய்ந்திருக்கிறது. வீட்டுக்குப் போனதும் எடுத்து வை, மாற்றித் தருகிறேன்,” என்றார். யாம் வண்டியை வைக்கோலின்மேல் ஏற்றினோம்.