திரைவழி வரும் மருத்துவர்

பிறர் இல்லம் புகுமுன் சலாம் உரைத்து அனுமதி பெற வேண்டும் என்பது திருமறையின் 24ஆம் அத்தியாயம் கற்பிக்கும் ஒழுக்கம். நோயுற்றாரை நலம் விசாரிப்பதும் ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று. இவ்விரண்டையும் நன்கறிந்த நம் சமுதாயம், மருத்துவர் கைபேசித் திரைவழியே நோயாளியின் அருகில் வரும் வேளைக்குரிய ஒழுக்கத்தை இன்னும் பழகிக்கொள்ளவில்லை.

எம் பெரிய வாப்பா புற்றுநோயின் முற்றிய நிலையில் கிடந்தபோது, வலிதணிப்பு மருத்துவர் காணொலியில் பேசுவார். இந்திய அரசு 2020 மார்ச் 25 அன்று வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகள் இதற்கு வழிவகுத்தன. அழைப்பு வந்ததும் அறை நிறைந்துவிடும். மருமகன் ஒருவர் விடை கூறுவார்; மற்றொருவர் அதைத் திருத்துவார். வலியை அனுபவிப்பவரோ வாய் திறக்க இடமின்றிக் கிடப்பார். ஒருநாள் மருத்துவர், "வலிக்கு பூஜ்யம் முதல் பத்துக்குள் ஓர் எண் கூறுங்கள், பெரியவரே கூறட்டும்" என்றார். "எட்டு" என்றார் பெரிய வாப்பா. 'பரவாயில்லை' என்று அதுவரை விடையிறுத்த மருமகனார் தலைகவிழ்ந்தார்.

நோயாளியின் முகத்தில் வெளிச்சம் படவேண்டும். தொலைக்காட்சி அணைந்திருக்க வேண்டும். உண்ணும் மாத்திரைகள் கைக்கெட்ட இருக்கவேண்டும். இவை எளியவை. திரையில் தோன்றாமல் ஓரத்தில் நின்று செவிமடுப்பதுதான் பெருங்குறை. அறையில் உள்ளோர் இன்னார் என மருத்துவருக்கு அறிவிப்பதும், அவர்கள் இருக்கலாமா என நோயாளியைக் கேட்பதும் நாகரிகம். பெண் நோயாளியாயின், முக்காடு சரிசெய்த பின்னரே திரையைத் திறக்க வேண்டும். குரல்வழிப் பேச்சே போதும் என அவர் விரும்பினால் நெறிமுறைகள் அதற்கும் இடம் தருகின்றன. ஆனால் மார்ஃபின் போன்ற போதைமருந்துச் சட்டத்திற்குட்பட்ட மருந்துகளைத் தொலைவழியே எழுதித்தர அவை அனுமதிப்பதில்லை. கடும் வலிக்கு அம்மருந்தே வேண்டியிருப்பின் நேரில் சென்றாக வேண்டும். திரையை நம்பி நாளைக் கடத்துவது நோயாளிக்குக் கொடுமை.

நோயின் பெயரை மறைக்குமாறு மருத்துவருக்குக் கண்சாடை காட்டுவோரும் உளர். அன்பினால்தான் செய்கின்றனர், ஆயினும் கடன் தீர்க்கவும் வசிய்யத் எழுதவும் உள்ள நாள்களை நோயாளியிடமிருந்து பறிக்க எவருக்கு உரிமையுண்டு? பெரிய வாப்பா ஒருமுறை எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். கதவு சாத்தப்பட்டது. உள்ளே பேசியது என்னவென்று அறியோம். அன்று மாலை அவர் தம் கடைக் கணக்கேட்டைக் கேட்டு வாங்கி, கொடுக்க வேண்டிய மூவரின் பெயர்களைக் கோடிட்டுக் காட்டினார்.